மூன்று ரூபாய் அபராதம்

அச்சரப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் காலை வேளைகளில் செய்தித்தாளும் கைப்பேசியும் ஒருசேரப் படிக்கப்படுகின்றன. அண்மையில் ஒரு நாள், இரு கைகளிலும் மாவுக்கட்டுடன் நிற்கும் இளைஞன் ஒருவனின் படம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. வழிப்பறி வழக்கில் கைதானவன்; தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது என்பது செய்தி. படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீதிமன்றம் ஏறி இறங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் தண்டனை அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று ஒருவர் மகிழ்ந்தார். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

குற்றவியல் வழக்குகளிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற வழக்கறிஞன் நான். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவும் முடியவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. வழிப்பறியில் தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்களின் கண்ணீரை நானும் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிவதற்குள் சாட்சி இறந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் ஒரு கேள்வி வீடு வரை என்னுடன் நடந்து வந்தது. அந்த மாவுக்கட்டு, தண்டனைதானா? தண்டனை என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒருவனுக்கு வலி உண்டாக்கிவிட்டால் அது தண்டனையாகிவிடுமா?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சர் தி. முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அந்த வளாகத்துக்குள் சென்றவர்கள் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பார்கள். தலைப்பாகையுடன், காலில் செருப்பின்றி அமர்ந்திருக்கும் உருவம். தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்து நீதிபதியானவர் என்ற கதையோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தண்டனை என்னும் சொல்லுக்கு அவருடைய வாழ்க்கை அளித்த பொருளை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் பிறந்தார். வறிய குடும்பம். இளம் வயதிலேயே தந்தை மறைந்தார். பிழைப்புத் தேடித் தாய் பிள்ளைகளுடன் திருவாரூருக்கு வந்தார். அங்கே கிராமக் கணக்கருக்கு எடுபிடியாகச் சிறுவன் முத்துசாமி வேலைக்குச் சேர்ந்தான். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் மூன்று ரூபாயை அளந்து பார்க்க அது உதவும்.

திருவாரூரில் வளர்ந்த எந்தச் சிறுவனும் மனுநீதிச் சோழன் கதையைக் கேளாமல் வளர முடியாது. தியாகராசர் கோயில் மதிலுக்கு வெளியே கல்தேரும், தேர்க்காலில் கிடக்கும் சோழன் மகனும், கன்றை இழந்த பசுவும் கல்லிலேயே நிற்கின்றன. அரசன் மகன் என்பதற்காக ஒரு குற்றம் குற்றமில்லாமல் போகாது என்பதே அந்தக் கல்தேர் சொல்லும் செய்தி. ஆனால், உயிருக்கு உயிர் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்தச் சிறுவன் அந்தச் சிற்பத்தைப் பார்த்து என்ன நினைத்தான் என்பதற்குச் சான்று ஏதும் தேட வேண்டியதில்லை. அவன் வளர்ந்து நீதிபதியான பிறகு செய்த ஒரு காரியம், அந்தக் கல்தேரின் செய்தியை ஏற்று அதன் கணக்கை மட்டும் மாற்றி எழுதியது என்பதே என் எண்ணம்.

எடுபிடிச் சிறுவனின் கூர்மையைக் கண்டுகொண்டவர் முத்துசாமி நாயக்கர் என்னும் தாசில்தார். அவருடைய ஆதரவால் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் ஆங்கிலக் கல்வி தொடங்கியது. பின்னர் சென்னை உயர்நிலைப் பள்ளி. அங்கே தலைமை வகித்த பவல், அந்தத் தலைமுறையின் பல தென்னிந்தியர்களை உருவாக்கிய ஆசிரியர். 1854இல் மாகாண அளவிலான கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார் முத்துசாமி. மாதம் ஒரு ரூபாய்க்கு உழைத்தவருக்கு அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான சம்பளம். சில காலம் ஆசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தார். பிறகு வழக்கறிஞர் தேர்வில் தேறி, தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்து துணை ஆட்சியர். அதற்கடுத்து தென்கன்னட மாவட்டத்தில் நீதிபதி. 1868இல் சென்னை நகரின் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார்.

அவர் அமர்ந்த அந்த இருக்கையின் பொருளை உணர, அதற்கு முந்தைய அரை நூற்றாண்டின் சட்டத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சிறு அடிதடிகளுக்குத் தண்டனை வழங்கும் அதிகாரத்தைக் கிராம மணியக்காரர்களுக்கு அளித்திருந்தது. குற்றம் செய்தவர் கீழ்ச்சாதியினர் என்றால் அவரைத் தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். கால்களை மரக்கட்டையின் துளைகளில் நுழைத்து, ஊரார் பார்க்க ஆறு மணி நேரம் வரை உட்கார வைப்பது அத்தண்டனை. அதே குற்றத்தை மேல்சாதிக்காரர் செய்தால் தொழுமரம் இல்லை. அத்தகைய இழிவு அவருக்குப் பொருந்தாது என்று சட்டமே கருதியது.

தொழுமரத்தில் ஆறு மணி நேரம் உட்கார்வதன் உடல் வலியைவிட, அது ஊருக்குச் சொல்லும் செய்தியே கொடுமையானது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தனர். தண்டனை பேசும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால், செய்த குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய தண்டனையை, பிறந்த சாதியைப் பற்றிப் பேச வைத்தார்கள்.

1862ஆம் ஆண்டின் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த நிலையை ஏட்டளவிலேனும் மாற்றியது. எது குற்றம், அதற்கு உச்சத் தண்டனை எது என்பது எல்லோருக்கும் பொதுவாக முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. பிராமணன், பறையன் என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. குற்றம் செய்தவர் எவரும் என்ற ஒரே சொல்தான். தொழுமரம் பற்றிய பழைய விதி கிராமங்களில் உடனே ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் சமத்துவம் தானாக எழுந்து நீதிமன்றத்துக்கு நடந்து வராது; யாரேனும் ஒருவர் அதை அழைத்து வர வேண்டும்.

அப்படி அழைத்து வந்த நிகழ்ச்சி, முத்துசாமி ஐயர் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியர் ஒருவர் அவர் முன் ஒரு முறையீட்டைக் கொண்டுவந்தார். தன்னை அடித்துவிட்டதாகப் புகார். அடித்தவர் என்று குறிப்பிடப்பட்டவர் சாதாரண வெள்ளையர் அல்லர். உயர் நீதிமன்றத்தின் ஐரோப்பிய நீதிபதி. அதாவது, எந்த நீதிமன்றத்தின் கீழ் முத்துசாமி ஐயர் பணியாற்றினாரோ, அந்த நீதிமன்றத்திலேயே இருப்பவர்.

ஒரு கீழ்நிலை நீதிபதிக்கு இங்கே தப்பிக்கும் வழிகள் பல உண்டு. முகாந்திரம் இல்லை என்று தள்ளிவிடலாம். இரு தரப்பையும் தனியே அழைத்துச் சமாதானம் பேசலாம். நேரில் வரத் தேவையில்லை என்று எதிரிக்கு விலக்கு அளிக்கலாம். தேதி தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் புகார்தாரரைச் சோர்வடையச் செய்யலாம். இவை அனைத்தும் இன்றைக்கும் வழக்கத்தில் உள்ளவைதாம். முத்துசாமி ஐயர் இவற்றில் எதையும் செய்யவில்லை. வேறு எந்த எதிரிக்கும் அனுப்புவதுபோல் அந்த நீதிபதிக்கும் நேரில் வருமாறு சம்மன் அனுப்பினார். விசாரித்தார். குற்றம் செய்தவர் என்று தீர்மானித்தார். மூன்று ரூபாய் அபராதம் விதித்தார்.

நான் இளம் வழக்கறிஞனாக இருந்தபோது இந்த நிகழ்ச்சியை முதன்முதலில் படித்தேன். அப்போது எனக்கு ஏமாற்றமே ஏற்பட்டது. இவ்வளவு துணிந்தவர் மூன்று ரூபாயோடு நின்றுவிட்டாரே என்று தோன்றியது. தக்க காரணமின்றி ஒருவரைத் தாக்குவதற்குத் தண்டனைச் சட்டம் அன்று வைத்திருந்த உச்சத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு மூன்று ரூபாய் ஒரு பொருட்டா? அடித்துவிட்டுச் சில்லறையை வீசிவிட்டுப் போகலாம் என்றல்லவா ஆகிவிடும்? திருவாரூர்ச் சிறுவனுக்கு மூன்று மாதச் சம்பளமான தொகை, அந்த நீதிபதியின் ஒரு வேளை விருந்துக்குக்கூடக் காணாது.

என் ஏமாற்றத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை மறைந்திருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது. தண்டனை என்றால் வலி. வலி மிகுந்தால் நீதி மிகும் என்பதே அந்தக் கொள்கை. தேநீர்க் கடைச் சிரிப்பின் அடியில் இருப்பதும் அதுவே.

தண்டனையை நியாயப்படுத்த உலகச் சிந்தனையாளர்கள் கூறிய காரணங்களை இரண்டு பெரும் பிரிவுகளில் அடக்கலாம். ஒன்று, முன்னோக்கிப் பார்ப்பது. இத்தாலியரான பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலிலும், அவரைப் பின்பற்றி இங்கிலாந்தின் பெந்தாம் எழுதியவற்றிலும் இது விரிவாக வாதிக்கப்பட்டது. தண்டனை அதனளவில் ஒரு தீமை. அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்கும் என்றால் மட்டுமே அதைச் செய்யலாம். மற்றவர்கள் அஞ்ச வேண்டும், குற்றவாளி திருந்த வேண்டும், சமூகம் காக்கப்பட வேண்டும். இந்த நோக்கங்களுக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளி வலியும் கொடுமையே. தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் வரும் என்ற உறுதியே குற்றங்களைத் தடுக்கும் என்பது பெக்காரியாவின் முடிவு.

மற்றொன்று, பின்னோக்கிப் பார்ப்பது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் இதன் தலைமகன். குற்றவாளியைத் தண்டிப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பதே தவறு. அவன் தவறு செய்தான், ஆகவே அதற்குரியதைப் பெற வேண்டும், அவ்வளவே. பிறரை அச்சுறுத்துவதற்காக ஒருவனைத் தண்டித்தால் அவனை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறோம். மனிதன் கருவி அல்லன். ஒரு தீவின் மக்கள் அனைவரும் சமூகத்தைக் கலைத்துவிட்டுப் பிரிந்து போகும் நாளில்கூடச் சிறையில் எஞ்சியிருக்கும் கடைசிக் கொலையாளியைத் தண்டித்துவிட்டே போக வேண்டும் என்று 1797இல் அவர் எழுதினார். மனுநீதிச் சோழனின் தேர்க்கால் காண்டின் பக்கத்தில் நிற்கிறது.

நம் வள்ளுவர் இந்த இரண்டையும் அறிந்தவர். குற்றத்தைத் தண்டிப்பது அரசனுக்குப் பழியன்று, அவன் தொழில் என்று செங்கோன்மையில் கூறியவர், அடுத்து வரும் அதிகாரங்களில் அரசனின் கடுமையைக் கண்டித்து எழுதுகிறார். தண்டனை மீண்டும் அக்குற்றம் நிகழாதபடி அமைய வேண்டும். குற்றத்தை ஆராய்ந்து அதற்கு ஒத்ததாக இருக்க வேண்டும். ஓங்கும் கை வலிதாகத் தோன்றினாலும் படும் அடி அளவோடு இருக்க வேண்டும் என்பது வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் சாரம்.

மூன்று ரூபாய் அபராதத்தை இந்த இரண்டு தராசுகளிலும் வைத்துப் பாருங்கள். முதல் தராசில், அந்தத் தொகை எந்தச் செல்வரையும் அச்சுறுத்தாது. இரண்டாவதில், ஒரு மனிதன் பட்ட அடிக்கும் அவமானத்துக்கும் அது ஈடாகாது. ஆயினும் அது தண்டனை அல்ல என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்நாளைய சென்னையில் அது பேசப்பட்டது, எழுதப்பட்டது, நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் நினைக்கப்படுகிறது. வலியே இல்லாத அந்தத் தண்டனையின் கனம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜோயல் ஃபைன்பெர்க் 1965இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. தண்டனை என்பது வலியை மட்டும் குறிப்பதன்று. சமூகம் தன் குரலில் வெளியிடும் கண்டனமும் அதில் சேர்ந்தே இருக்கிறது. வரியும் பணமே, அபராதமும் பணமே. வரி செலுத்துபவர் தலைகுனிவதில்லை. அபராதம் செலுத்துபவர் தலைகுனிகிறார். நோயாளியைத் தனி அறையில் அடைப்பதும் அடைப்புதான், சிறையும் அடைப்புதான். ஆனால், முன்னது அவன் செய்ததைத் தவறு என்று சொல்வதில்லை. நீ செய்தது தவறு, இவர் மீது உனக்கு அந்த உரிமை இல்லை என்று ஊர் அறியச் சொல்வதில்தான் தண்டனையின் உயிர் இருக்கிறது.

இந்தப் பார்வையில், அன்றைய வழக்கில் தண்டனை அந்த மூன்று ரூபாயில் இல்லை. சம்மனில் இருந்தது, எதிரியாக வந்து நிற்க நேர்ந்ததில் இருந்தது, குற்றம் செய்தவர் என்ற தீர்ப்பில் இருந்தது. அடிபட்ட ஓர் இந்தியரின் உடல், அடித்த நீதிபதியின் உடலுக்குச் சமமானது என்று ஓர் அரசு நீதிமன்றம் பதிவு செய்ததில் இருந்தது. அதைச் சொல்லி முடித்த பிறகு, வலியைக் கூட்டிப் பழிதீர்க்கும் ஆசை முத்துசாமி ஐயருக்கு இருக்கவில்லை. குற்றம் சிறு தாக்குதல். வேறு எவர் செய்திருந்தாலும் சிறிய அபராதமே கிடைத்திருக்கும். எதிரி பெரியவர் என்பதற்காக விடுவித்திருந்தால் அது அநீதி. பெரியவர் என்பதற்காகச் சிறைக்கு அனுப்பியிருந்தாலும் அது அநீதியே.

நூல்கள் சொல்லித் தந்த இந்தப் பாடத்தை எனக்கு உறைக்க வைத்தவர் ஒரு கூலித் தொழிலாளி. எங்கள் வட்டாரத்தில் நடவு வேலைக்குச் சென்ற நடுத்தர வயதுப் பெண். கூலித் தகராறில் நிலக்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். வழக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக அந்தப் பெண்ணின் சார்பில் நான் இருந்தேன். முடிவில் நிலக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சில நூறு ரூபாய் அபராதம். நீதிமன்ற வராந்தாவில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினேன். இவ்வளவுதான் கிடைத்தது, மேல்முறையீடு செய்து பார்க்கலாம் என்றேன். அவர் தொகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது, அவர் செய்தது தப்பு என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். தண்டனையின் அளவைப் பற்றியே வாதாடிப் பழகிய எனக்கு அதன் பொருள் அன்றுதான் தெரிந்தது.

அப்படியானால் கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் மூன்று ரூபாய் போதுமா என்று வாசகர் கேட்கலாம். போதாது. கண்டனம் குற்றத்தின் அளவுக்கு ஒலிக்க வேண்டும். கொடிய குற்றத்துக்குச் சிறிய அபராதம் விதித்தால், பாதிக்கப்பட்டவரின் உயிருக்கு மதிப்பில்லை என்று நீதிமன்றமே சொன்னதாகும். ஆபத்தானவரிடமிருந்து மக்களைக் காப்பதும் அரசின் கடமை. ஆனால், கண்டனத்தைச் சொல்லத் தேவையானதற்கு மேல் கூட்டப்படும் வலி, நீதியைக் கூட்டுவதில்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. வலியின்றியும் ஒரு தவறைத் தவறு என்று சொல்ல முடியும் என்பதை நம் சட்டமும் ஏற்கத் தொடங்கியிருக்கிறது என்றே இதை நான் கொள்கிறேன்.

முத்துசாமி ஐயரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அபராதம் விதித்தவரின் முன்னேற்றம் அத்துடன் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்படி நடக்கவில்லை. பணியில் இருந்துகொண்டே சட்டப் பட்டம் பெற்றார். சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1870களின் இறுதியில் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஒரு காலத்தில் தம் சம்மனை ஏற்று வந்தவர் இருந்த அதே நீதிமன்றத்தின் இருக்கை.

ஐரோப்பியர் நடத்திய நாளிதழ்கள் அந்த நியமனத்தை எதிர்த்து எழுதின. இந்தியர் ஒருவர் அந்த இருக்கைக்குத் தகுதியுடையவரா என்று கேட்டன. அதற்கு மறுமொழி சொல்ல இந்தியர்களிடம் ஒரு பத்திரிகை இல்லையே என்ற ஆதங்கத்தில் ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். அதே சுப்பிரமணிய ஐயர் பின்னர் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கித் தமிழ் இதழியலுக்கு வழி திறந்தார். தென்னாட்டின் செய்தித்தாள் மரபு ஒன்று, ஒரு நீதிபதியின் நியமனத்துக்காக எழுந்த வாதத்திலிருந்து பிறந்தது என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் நினைவுகூர்வது பொருத்தம்.

மூன்று ரூபாய்த் தீர்ப்பு எத்தகைய சுவரில் மோதியது என்பது 1883இல் நாடு முழுவதும் தெரிந்தது. மாவட்டங்களில் உள்ள இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா முன்மொழிந்தது. ஐரோப்பியச் சமூகம் கொந்தளித்தது. கறுப்பு நிறத்தவர் முன் வெள்ளையர் கூண்டில் நிற்பதா என்பதே எதிர்ப்பின் சாரம். அவர்கள் அஞ்சியது சிறையையோ அபராதத்தையோ அன்று. தங்களைத் தவறு செய்தவர்கள் என்று ஓர் இந்தியர் சொல்வதைத்தான் அஞ்சினார்கள். இறுதியில், ஐரோப்பியர் கேட்டால் பாதிக்கு மேற்படாத இந்தியரைக் கொண்ட ஜூரியுடன் விசாரணை என்ற சமரசத்தோடு மசோதா நீர்த்துப்போனது. தண்டனையின் கனம் வலியில் அல்ல, கண்டனத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தக் கொந்தளிப்பைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்றத்தில் இருந்தார். மலபார் திருமண முறைகளை ஆராய 1891இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்தார். 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார். சென்னையில் அந்த இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1895 ஜனவரி 25ஆம் நாள், பணியில் இருக்கும்போதே காலமானார். அறுபத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு மூன்று நாள்கள் இருந்தன.

அவருடைய காலத்து நீதிமன்றங்கள் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. அவர் பணியாற்றியது அந்நிய ஆட்சியின் நீதிமன்றத்தில். அந்த ஆட்சியே நாட்டுப்பற்றைக் குற்றமாக்கித் தண்டித்தது. தொழுமரம் அவர் மறைந்த பிறகும் கிராமங்களில் இருந்தது. ஒரு மனிதரின் நேர்மை ஓர் அமைப்பைக் கழுவிவிடாது. ஆனால், தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் ஒன்றை அவர் விட்டுச் சென்றார்.

அந்த அளவுகோலை இப்போது தேநீர்க் கடைப் படத்தின் பக்கத்தில் வைக்கிறேன். தண்டனைக்கு இலக்கணம் வகுத்த ஆங்கிலச் சட்டவியல் அறிஞர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1959இல் ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டார். விரும்பத்தகாத விளைவு இருக்க வேண்டும். சட்ட விதியை மீறியதற்காக இருக்க வேண்டும். மீறியவர் மீது இருக்க வேண்டும். பிறரால் வேண்டுமென்றே விதிக்கப்பட வேண்டும். அந்தச் சட்டமே அமைத்த அதிகாரத்தால் விதிக்கப்பட வேண்டும். மூன்று ரூபாய் அபராதத்தில் முதல் கூறு மிகச் சிறியது. மற்ற நான்கும் முழுமை. காவலில் முறியும் எலும்பில் முதல் கூறு மிகப் பெரியது, மற்றவை எங்கே? விதியை மீறினான் என்று யார் தீர்மானித்தது? மீறியவன் அவனேதான் என்பதை யார் சோதித்தது? எந்தச் சட்டம் அந்த அதிகாரத்தை அளித்தது?

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காவலில் எலும்பு முறிந்தால், வழுக்கி விழுந்தான் என்றே ஏட்டில் எழுதப்படுகிறது. அதாவது, அதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எவரும் முன்வருவதில்லை. தன் பெயரைச் சொல்ல அஞ்சும் செயல் எப்படிக் கண்டனமாகும்? நீ செய்தது தவறு என்று அது யார் குரலில் சொல்லும்? சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணுக்கும் அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. அவருக்கு இழைக்கப்பட்டது குற்றம் என்று எந்த ஏட்டிலும் அதனால் எழுதப்படுவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலுக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது தமிழ்நாடே பதறியது. மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிப்பவர்களும் அன்று பதறியிருப்பார்கள். ஆனால், இரண்டும் ஒரே கதவின் வழியாக வருபவை. இன்னாருக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவருக்கு மூடிவைக்கும் கதவு எந்தக் காவல் நிலையத்திலும் இல்லை.

வழக்குகள் தாமதமாவதுதான் இந்தச் சிரிப்புக்குக் காரணம் என்பதை மறுக்க மாட்டேன். தண்டனை தவறாமல், தாமதிக்காமல் வர வேண்டும் என்று பெக்காரியா வற்புறுத்தியதும் அதனால்தான். ஆனால், தாமதத்துக்கு மருந்து விரைவான விசாரணைதான். போதிய நீதிபதிகள், நேரத்துக்கு வரும் சாட்சிகள், ஒழுங்கான புலனாய்வு ஆகியவைதாம். பசிக்கிறது என்பதற்காக விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட முடியாது.

எங்கள் ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இங்கே வந்தபோது அச்சு முறிந்தது. எக்காரியத்தையும் விநாயகரை வணங்கித் தொடங்க வேண்டும் என்ற விதியைத் தந்தவரே அதை மறந்து புறப்பட்டதால், பிள்ளையே தந்தையின் தேரை நிறுத்தினான் என்கிறது தலபுராணம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கமாகி, அச்சரப்பாக்கம் ஆயிற்று. ஞானசம்பந்தர் பாடிய ஆட்சீசுவரர் கோயில் அந்தக் கதையோடு இன்றும் நிற்கிறது.

அசுரர்களைத் தண்டிக்கப் போகிறவருக்கும் விதி உண்டு. அதை மீறினால் அவருடைய தேரும் ஓரடி நகராது. தந்தையைத் தடுத்த பிள்ளை தந்தையை வீழ்த்தவில்லை. தவறைத் தவறு என்று சொல்லத் தேவையான அளவுக்கு, ஓர் அச்சை மட்டும் முறித்தான். தவறு உணரப்பட்டதும் தேர் சீரானது. மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு விதித்த மூன்று ரூபாயும் அத்தகையதே. நாளைக் காலை அதே தேநீர்க் கடையில் இன்னொரு படம் வரும். அப்போது சிரிப்பதற்கு முன், இந்தத் தண்டனையைத் தந்தவர் யார், அவர் பெயர் எந்தத் தீர்ப்பில் இருக்கிறது என்று ஒருவரேனும் கேட்டால் போதும்.